வீட்டு வாசலில் லிபிட் புரொஃபைல்: பெங்களூரு சேவைகளை நம்பலாமா?

பெங்களூரில் கொலஸ்ட்ரால் பார்க்கும் 'லிபிட் புரொஃபைல்' ரத்தச் சோதனைக்கு லேபில் போய்க் காத்திருக்கும் வழக்கம் குறைந்துவிட்டது. அல்சூரோ ஒயிட்ஃபீல்டோ, செயலியில் நேரம் குறித்தால் விடிந்ததும் ஐஸ் பெட்டியுடன் பைக்கில் ஆள் வந்துவிடுகிறார்; சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. வசதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரத்தம் எடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கோளாறே. போன தடவை எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 138, இந்தத் தடவை 118 என்று வந்தால், குறைத்தது மாத்திரையா ஓட்ஸா என்று வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிடும். பல சமயம் இரண்டுமே காரணமில்லை.

வருகிறவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. வாடிக்கையாளரை நாற்காலியில் ஐந்து நிமிடமாவது உட்கார வைக்க வேண்டும். அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்த கையோடு கையை நீட்டினால் எண் கூடித்தான் வரும். நிற்கும்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் திசுக்களுக்குள் கசிகிறது. கொழுப்பைச் சுமக்கும் துகள்கள் பெரியவை என்பதால் அவை வெளியேறாமல் உள்ளேயே தங்கி, ரத்தம் கெட்டியாகிறது. நின்றவர் இருபது நிமிடம் படுத்தால் மொத்தக் கொலஸ்ட்ரால் 10% வரை இறங்கிவிடும். எனவே ஒரு தடவை சோபாவில் உட்கார்ந்தும், அடுத்த தடவை ஊசிக்குப் பயந்து கட்டிலில் படுத்தும் ரத்தம் கொடுத்திருந்தால் அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது.

அடுத்தது கையில் கட்டும் ரப்பர் பட்டை. கட்டிய ஒரு நிமிடத்துக்குள் ஊசி போய், ரத்தம் வரத் தொடங்கியதும் பட்டையைத் தளர்த்த வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று தட்டித் தட்டித் தேடி, கட்டை அவிழ்க்காமலே மூன்று நான்கு நிமிடம் ஓட்டினால் கொலஸ்ட்ரால் பொய்யாக ஏறும். நல்ல டெக்னீஷியன் பட்டையை அவிழ்த்துவிட்டு அடுத்த கைக்குப் போவார். ஆள் தேறினவரா என்று அறிய இந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே போதும்.

ரத்தம் மஞ்சள் மூடிக் குழாயில் போகும். அதை ஐந்தாறு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அரை மணி நேரம் நிறுத்தி வைத்து உறைய விட வேண்டும். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். லேபுக்குப் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆனால் கொலஸ்ட்ராலுக்குப் பெரிய கேடில்லை. சர்க்கரை அப்படியில்லை: அதற்குச் சாம்பல் மூடிக் குழாய் தனியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே மஞ்சள் குழாய் என்றால் அங்கேயே கேள்வி கேளுங்கள். போக்குவரத்து நெரிசலில் அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிட, ரிப்போர்ட்டில் சர்க்கரை குறைந்து நிற்கும். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் விழுங்குகிறவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சோதனையில் நிறம் வரவழைக்கும் வேதிவினையை அது கெடுத்து, கொலஸ்ட்ராலைக் குறைத்துக் காட்டக்கூடும்.

இனி ரிப்போர்ட். பெரும்பாலான பேக்கேஜ்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். 1972இல் ஃப்ரீட்வால்டு குழு தந்த சூத்திரம் அது: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ராலையும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல். மொத்தம் 210, எச்டிஎல் 42, ட்ரைகிளிசரைடு 150 என்றால் விடை 138. முந்தின இரவு விருந்து, இரண்டு பெக் என்று போய் ட்ரைகிளிசரைடு மட்டும் 250 ஆகியிருந்தால், அதே கணக்கில் 118! ஆனால் மொத்தத்தில் எச்டிஎல் போக மிஞ்சும் நான்-எச்டிஎல் இரண்டு தடவையும் 168தான். ரிப்போர்ட்டில் எல்லோரும் தாண்டிப் போகிற அந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் சூத்திரமே செல்லாது. நேரடியாக அளக்கும் 'டைரக்ட் எல்டிஎல்' கேட்டு வாங்க வேண்டும். சில ரிப்போர்ட்டுகள் அப்போதும் கணக்கிட்ட எண்ணை அச்சடித்து அனுப்பிவிடுகின்றன. இதை மன்னிக்க முடியாது.

பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கட்டாயம் என்று செயலி மிரட்டுகிறது. இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் போதும் என்கிறது. ட்ரைகிளிசரைடு அதிகமுள்ளவர்களுக்குத்தான் வெறும் வயிறு தேவைப்படும். எப்படி எடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் அப்படியே எடுங்கள்.

இத்தனையும் சரியாக நடந்தாலும், எந்த மாற்றமும் இல்லாத ஆளுக்கே எல்டிஎல் 10% வரை ஆடும். ட்ரைகிளிசரைடு அதைவிட மோசம், 20% ஆட்டம் சர்வ சாதாரணம். எல்டிஎல் உண்மையில் ஏறுவதும் இறங்குவதும் கல்லீரலைப் பொறுத்தது. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் அங்கேதான் அதிகம். இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு அந்த ஏற்பிகளை மந்தமாக்கும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அவற்றைப் பெருக்கும். எண்ணெய் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதில் விஷயமே இல்லை, எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. தைராய்டு மந்தமானாலும் ஏற்பிகள் குறைந்து எல்டிஎல் ஏறும். நம் எவர்சில்வர் ஃபில்டருக்கும் இதில் சிறு பங்குண்டு: எல்டிஎல்லை ஏற்றும் கஃபெஸ்டால் என்ற காபி எண்ணெயைக் காகித ஃபில்டர் தடுப்பதுபோல் உலோக ஃபில்டர் தடுக்காது. ஒரு டம்ளருக்குக் கவலை வேண்டாம், ஐந்தாறு டம்ளர் குடிப்பவர்கள் யோசிக்கலாம். கடும் காய்ச்சலிலும் மாரடைப்புக்குப் பிறகும் எல்டிஎல் சில வாரம் தாழ்ந்து நிற்கும், அதை நம்பி மகிழக் கூடாது. ஸ்டாட்டின் தொடங்கினால் நான்கிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்க்கலாம். எண் நார்மல் ஆயிற்றே என்று மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்பும்.

பச்சை, சிவப்பு வண்ணக் கட்டங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் 95 என்ற எல்டிஎல்லுக்குப் பச்சை காட்டும் அதே கட்டம், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும் பச்சைதான் காட்டுகிறது. அவருக்கு 2024 வழிகாட்டுதலின் இலக்கு 55க்குக் கீழே.

எழுபது, எண்பது சோதனை என்று அடுக்கும் பேக்கேஜ் வேண்டாம். தனி லிபிட் புரொஃபைல், முதல் தடவை கூடவே தைராய்டுக்கான டிஎஸ்எச், ஆயுளில் ஒரே ஒரு முறை பரம்பரையாக வரும் கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் (ஏ). பதிவு செய்யும்போது லேபுக்கு, லேபுகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்பதோடு, லிபிட் சோதனைகளும் அந்த அங்கீகாரத்துக்குள் வருகின்றனவா என்றும் கேளுங்கள்.