காரில் ஒரு மூலை மட்டும் இறங்குதா? கம்ப்ரசரை மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள்

மதுரைப் பக்கம் ஏர் சஸ்பென்ஷன் (வண்டியைக் காற்றுப் பைகள் தாங்கும் அமைப்பு) உள்ள பழைய கார் வைத்திருப்பவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். ஏசி ஹாலில் உட்கார வைத்து காப்பி கொடுக்கும் ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு 78,000 ரூபாய் போனது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும், வேறு எங்கே இதே வேலையைக் காட்டினாலும் பிடித்துவிடலாம்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் எஸ்யூவி, பத்து வயதைத் தாண்டியது. ராத்திரி நிறுத்தும்போது நேராக நிற்கும். காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலை மட்டும் உட்கார்ந்திருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையாது. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரசர் கொர்ரென்று ஓடி அந்த மூலையைத் தூக்கிவிடும். போகப் போக அந்தச் சத்தம் நிற்கவே நேரமானது. ஒருநாள் கப்பலூர் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

இந்த வண்டிகளில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் காற்றுப் பை இருக்கும். காற்றடிக்க ஒரே ஒரு கம்ப்ரசர். எந்தப் பைக்கு எவ்வளவு என்று பிரித்துவிட வால்வு பிளாக், உயரத்தை அளக்க சென்சார்கள். கம்ப்ரசர் நாலு சக்கரத்துக்கும் பொது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு மூலை மட்டும், அதுவும் வண்டி சும்மா நிற்கும்போது இறங்கினால், அந்த மூலையின் பையிலோ டியூபிலோ வால்விலோ காற்று கசிகிறது என்று அர்த்தம். கசிந்த காற்றை ஈடுகட்ட கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடும், சூடாகும், உள்ளே பிஸ்டன் ரிங் தேயும், சில சமயம் அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயும் கருகும். கம்ப்ரசர் பழுதானாலும் அது இரண்டாவது வியாதிதான்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். கம்ப்ரசர் நேரம் மீறி ஓடுகிறது என்று எரர் வந்தது. "கம்ப்ரசர் போச்சு சார், ஒரிஜினல் புதுசு போட்டுடலாம்" என்றார் சூப்பர்வைசர். ஒரு மூலை மட்டும் ஏன் இறங்குகிறது என்று கேட்டேன். "அதெல்லாம் தானா சரியாயிடும் சார்." ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. காற்றழுத்தம் ஏற நேரமாகிறது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், ஓட்டை எங்கே என்று தெரியாது. அதைத் தேட வேண்டிய ஆள் தேடவில்லை. ஜாக் மோடு (உயரம் தானாக மாறாமல் நிறுத்தி வைக்கும் செட்டிங்) போடாமலே வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள், அதையும் பார்த்தேன். அப்படித் தூக்கினால் கம்ப்யூட்டர் உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். காற்றில்லாத பை மடிப்பில் சிக்கிக் கிழியவும் வாய்ப்பு உண்டு.

பில் கட்டி வண்டியை எடுத்து வந்த சில நாளிலேயே பழைய கதை. போன் செய்தால், புது கம்ப்ரசர் செட்டாக டைம் எடுக்கும் என்றார்கள். அப்புறம் வால்வு பிளாக் என்றார்கள். கடைசியில், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சாதா ஸ்பிரிங் போட்டுக்கலாம் என்று அதற்கும் ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஆம்னி பஸ் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் நண்பர் கூட்டிப்போனார். காற்றுப் பை மேல் ஓடும் பஸ்களுக்கு அடியிலேயே காலம் கழித்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, தொட்டில ஓட்டை எங்கிட்டு இருக்குன்னு பாக்காம மோட்டார மாத்தினா தண்ணி நிக்குமா?"

வண்டியை உயர்ந்த நிலைக்கு ஏற்றச் சொல்லி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தார். (ஸ்டாண்டு இல்லாமல் இந்த வண்டிகளுக்கு அடியில் யாரையும் படுக்க விடாதீர்கள், காற்று இறங்கினால் வண்டி ஆள் மேல்தான் உட்காரும்.) ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, தூசிக்காகப் போட்டிருக்கும் ரப்பர் உறையைக் கீழே தள்ளினார். ஷாம்பூ கலந்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் அடித்தார். பை தன் மேலேயே மடிந்து உருளும் இடத்தில், தலைமுடி போல மெல்லிய கீறல்கள் வரிசையாக. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கீறலிலிருந்து கடுகளவு நுரை பொங்கியது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தார், அதே இடத்தில் மறுபடி வந்தது. வண்டி தாழ்ந்து நின்றால் அந்த இடம் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், அதனால்தான் உயர்த்திப் பார்க்க வேண்டும் என்றார். கால் மணி நேர வேலை.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் வேலை தெரியாதவர்கள் என்று விட்டிருப்பேன். கம்ப்ரசரையும் பார்த்துவிடலாம் என்று மூடியைக் கழற்றியவர், "இது புதுசு இல்லையே தம்பி" என்றார். வண்டி வாங்கும் முன் ஒருவரை வைத்துப் பரிசோதித்தபோது அடியில் எடுத்த போட்டோக்கள் போனில் இருந்தன. கம்ப்ரசர் லேபிளில் உள்ள சீரியல் நம்பரை ஒப்பிட்டோம். கடைசி எழுத்து வரை அதே நம்பர். என் பழைய கம்ப்ரசரையே கழற்றி, கழுவி, உள்ளே ரிங் மட்டும் மாற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பில்லில் 'கம்ப்ரசர் புதியது' என்றே இருக்கிறது. பழையதைக் கொடுங்கள் என்று நான் கேட்டபோது ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்று சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ரிங் மாற்றுவதில் தப்பே இல்லை, ஆனால் அதற்கு ஆகும் செலவு புது கம்ப்ரசர் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

அதனால் வண்டியை விடும் முன், கழற்றப்போகும் பொருளின் நம்பரை நீங்களே போட்டோ எடுங்கள். பழைய பொருள் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே (வண்டியை விடும்போது வேலைகளை எழுதும் சீட்டு) எழுத வையுங்கள். சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்க்காமல் யாராவது கம்ப்ரசருக்கு விலை சொன்னால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பில் அளந்து எழுதி, காலையில் திரும்ப அளந்தால் எந்த மூலை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சில வண்டிகள் ஒரு மூலை இறங்கினால் மற்றதையும் சமமாக இறக்கிவிடும், ஆகையால் நடுவில் ஒருமுறை எழுந்து பார்ப்பது நல்லது.

நான் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில், போட்டோக்கள், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய எஸ்டிமேட் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பதிந்த பிறகு ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. அடுத்த சர்வீஸ் இலவசமாம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். முழுப் பணமும் வேண்டும் என்று எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறேன். இடது பையை மாட்டுத்தாவணி அண்ணனே மாற்றிக் கொடுத்தார், வண்டி இப்போது காலையிலும் நேராக நிற்கிறது. வலது பைக்கும் அதே வயதுதான் என்பதால் அதற்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.