ஏஎம்எக்ஸ்-13 மாடலுக்கு அழுக்கேற்ற அக்ரிலிக்கா, இனாமலா, ஆயிலா?

சிங்கப்பூர்ப் படையின் ஏஎம்எக்ஸ்-13 இலகு டாங்கியை 1/35 அளவு மாடலாகக் கட்டப் போகிறவர், பெயின்ட் வாங்குவதற்கு முன்பே அது எந்த நாளின் வண்டி என்று முடிவு செய்துவிட வேண்டும். 1969 ஆகஸ்ட் 9 தேசிய தின அணிவகுப்பில் போன வண்டியின்மேல் சேற்றை அப்பினால், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அதற்கு ஒரு மெல்லிய வாஷும் (தண்ணீர்போல் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிடும் பெயின்ட்) லேசான தூசியும் போதும். செம்மண் ஆசை இருந்தால் பயிற்சிக் களக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மேம்படுத்திய எஸ்எம்1 வகையோ டீசல் எஞ்சின் வண்டி. பெட்ரோல் வண்டிக்கான கிட்டை அப்படியே கட்டி அந்தப் பெயரை வைக்க முடியாது.

ஆலிவ் பச்சை அடிப்பூச்சு அக்ரிலிக் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரு கிளாஸ் கோட் (பளபளப்பான மேல்பூச்சு), பிறகு குறைந்தது ஒரு முழு நாள் காயவிட வேண்டும். கிளாஸைத் தவிர்த்தால், சொரசொரப்பான மேட் (பளபளப்பில்லாத) பரப்பு வாஷை உறிஞ்சிக்கொள்ளும். ரிவெட்டைச் சுற்றி நிற்க வேண்டிய கறுப்பு, தகடு முழுவதும் படர்ந்து அழுக்குத் துணிபோல் ஆகிவிடும். மழை பெய்யும்போது லாக்கர் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்தலாம். கம்ப்ரஸர் குழாயில், காற்றின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறி கட்டாயம்.

அக்ரிலிக் வாஷுக்கு வாடை கிடையாது, தண்ணீரிலேயே கழுவலாம். குழந்தைகள் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இது பெரிய வசதி. ஆனால் சில நிமிடங்களில் இறுகிவிடும், அப்புறம் திருத்த முடியாது. ஓரங்களில் நீர்க்கோடு விழும். பெயின்ட் சீராகப் பரவ உதவும் ஃப்ளோ இம்ப்ரூவர் ஒரு துளி சேர்த்தால் கோடு குறையும், அடியோடு போகாது. பெரிய தட்டையான தகடுகளுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ரிவெட்டையும் விளிம்பையும் மட்டும் ஊசிமுனையாகத் தொடும் ‘பின் வாஷு’க்கு (pin wash) இனாமல்தான் ராஜா. ஒரு பங்கு அடர்பழுப்புக்கு எட்டு, பத்து பங்கு தின்னர். மெல்லிய பிரஷ் நுனியால் ரிவெட்டைத் தொட்டால் போதும், கலவை தானே ஓடிச் சுற்றிக்கொள்ளும். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, வைட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பிரஷால் மேலிருந்து கீழாக இழுத்தால் மிச்சம் போய்விடும். அடிப்பூச்சு அக்ரிலிக் என்பதால் அதற்குச் சேதம் வராது.

ஆபத்து சஸ்பென்ஷனில்தான். பக்கத்துக்கு ஐந்து சாலைச் சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் மெல்லிய கைகள், இழுத்துக் கட்டிய தடச்சங்கிலி. அங்கே தின்னரைக் கொட்டினால் பெயின்ட் படாத பிளாஸ்டிக்குக்குள் அது புகும். ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக் நொறுங்கும், காலையில் ஒரு சக்கரம் கீழே கிடக்கும். கைகளின் உள்பக்கத்திற்கும் பெயின்ட் அடியுங்கள். வாஷைக் கொஞ்சமாகத் தொடுங்கள், தேங்க விடாதீர்கள். அந்த இடத்துக்கு மட்டும் அக்ரிலிக் வாஷ் என்றால் இன்னும் நிம்மதி.

இனி ஆயில். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் ஓவியப்பொருள் கடைகளில் பர்ன்ட் அம்பர், வெள்ளை, காவி என மூன்று டியூப் வாங்கினால் பல ஆண்டுகளுக்கு வரும். பெயின்ட்டை அட்டைத் துண்டில் பிதுக்கி இரண்டு மூன்று மணிநேரம் வையுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், மினுமினுப்பு குறையும், காய்வதும் சீக்கிரம். இதன் அருமை தெரிவது இந்த வண்டியின் ஆடும் டரட்டில், அதாவது மேல்பாதி பீரங்கியோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும் கூண்டில். மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவே இருக்கும் மடிப்புறையின் பள்ளங்களில் அம்பரை விட்டு, மடிப்பு முகடுகளில் வெளிறிய காவியைத் தொட்டு, ஈரம் மட்டும் உள்ள பிரஷால் எல்லையைக் கரைத்தால் நிஜத் துணியாகவே தெரியும். அக்ரிலிக்கில் அந்தக் குழைவு வராது. குறை ஒன்றுதான்: காய நாள்கணக்கில் ஆகும். மூடிய பெட்டிக்குள் வைத்தால்தான் தூசி ஒட்டாது. அவசரப்பட்டு மேட் கோட் அடித்தால் மேல்படலம் வெடிக்கலாம்.

ஆக என் தேர்வு: விளிம்புக்கும் ரிவெட்டுக்கும் இனாமல், டரட்டுக்கும் மேல்தகடுகளுக்கும் ஆயில், சஸ்பென்ஷனுக்கு அக்ரிலிக். ஒரே ஒரு வகைதான் வாங்க முடியும் என்றால் ஆயிலை வாங்குங்கள். மெலிதாகக் கரைத்தால் அதுவே பின் வாஷாகவும் வேலை செய்யும். வைட் ஸ்பிரிட்டின் வாடையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜன்னலைத் திறந்து மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். பொது நடைவழியில் போய் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். மிச்ச ஸ்பிரிட்டைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது.

சேற்றுக்கு அக்ரிலிக் பேஸ்ட்டில் பிக்மென்ட் தூளைக் (நிறப்பொடியைக்) குழைத்துச் சக்கரங்களில் அப்புவதே போதும். நிஜ மண்தான் வேண்டும் என்பவர்கள் டீ வடிகட்டியில் இரண்டு முறை சலிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் மூன்றரை சென்டிமீட்டர் கல். சலித்ததை ஓவனில் வறுத்த பிறகே பசையில் கலக்குங்கள், இல்லையென்றால் நம் ஊர் ஈரத்தில் டயோராமாவில் (மாடலை வைக்கும் காட்சித் தளத்தில்) பூஞ்சை பிடித்துவிடும்.