நைட்ரோ கார் ட்யூனிங்: டெம்பரேச்சர் கன்னா, புகையா, குழாய்க் கிள்ளலா?

நைட்ரோ கார் என்பது நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் சின்ன ரிமோட் கார். அதன் கார்புரேட்டரில் எரிபொருளின் அளவை மாற்றும் ஊசிகளைத் (திருகுகளை) திருப்புவது பெரிய வித்தை இல்லை. கடிகாரத் திசையில் திருப்பினால் எரிபொருள் குறையும், அது லீன். எதிர்த்திசையில் கூடும், அது ரிச். எங்கே நிறுத்துவது என்பதில்தான் புதியவர்கள் திண்டாடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு.

எல்லோரும் முதலில் ஓடுவது, தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன்னிடம். எண் கண்ணுக்குத் தெரிவதால் அதில் ஒரு தைரியம் வருகிறது. இன்ஜின் ஹெட்டின் நடுவே, எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைக் குறிவைத்து அளந்தால், பெரும்பாலான இன்ஜின்கள் 95 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். 130ஐத் தாண்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஆனால் குளிர்ந்த நாளில் லீனாக ஓடும் இன்ஜினும் 95 காட்டும், வெயிலில் சரியாக ஓடும் இன்ஜினும் 120 காட்டும். பளபளக்கும் அலுமினிய ஹெட் என்றால் கன் குறைத்துச் சொல்லவும் வாய்ப்புண்டு. எண்ணைப் பிடித்துக்கொண்டு ஊசியைத் திருப்பியவர்களில் நானும் ஒருவன். 'இன்னும் 10 டிகிரி இடம் இருக்கிறதே' என்று இறுக்கிக்கொண்டே போனேன். வண்டி அருமையாகப் பறந்தது, கொஞ்ச நேரம்!

புகை அப்படி ஏமாற்றாது. இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது, எரிபொருளோடு கலந்துதான் வருகிறது. எரிபொருளைக் குறைத்தால் சூடு ஏறும். அதே நேரத்தில் பிஸ்டனுக்குப் போகும் ஆயிலும் குறையும். முழு த்ராட்டிலில் வண்டிக்குப் பின்னால் மெல்லிய புகைக்கோடு தெரிகிறதா என்று பார்ப்பது, ஆயில் போகிறதா என்று நேரடியாகப் பார்ப்பதுதான். வேண்டுமென்றே ரிச்சில் தொடங்குங்கள். புகை மண்டும், சத்தம் கொழகொழவென்று இருக்கும், வேகம் ஏறாது. முழு வேகத்துக்கான ஹை ஸ்பீடு ஊசியைக் கடிகாரத்தின் மணி முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கி, நேர்கோட்டில் இரண்டு மூன்று முறை ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். சத்தம் தெளிந்து, புகையும் தெரிகிற இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். ஓட்டத்தின் கடைசியில் கீச்சிட்டுத் தொய்ந்தால் எல்லை தாண்டியாயிற்று, உடனே ஊசியைத் தளர்த்திவிட வேண்டும்.

குழாய்க் கிள்ளலை, குறைந்த வேகத்துக்கான லோ ஸ்பீடு ஊசிக்கு மட்டுமே நம்பலாம். சூடான இன்ஜின், வண்டி நகராமல் ஐடிலில் ஓடும்போது, எரிபொருள் குழாயைக் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் கிள்ளிப் பிடிக்க வேண்டும். சத்தம் சற்றே ஏறி, இரண்டு முதல் நான்கு விநாடிக்குள் அணைந்தால் சரி. பிடித்ததுமே அணைந்தால் லீன். சத்தம் கிறுகிறுவென்று ஏறி நெடுநேரம் ஓடினால் ரிச். லோ ஊசியை இறுக்கினால் ஐடிலும் கூடும், எனவே ஐடில் ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொடவேண்டும்.

தொடக்கநிலையாளர் ஒருவர் என்னைக் கேட்டால், புகைக்குத்தான் என் ஓட்டு. புகையை வைத்து ஹை ஊசி, அப்புறம் கிள்ளிப் பார்த்து லோ ஊசி. கன் கையில் இருக்கட்டும், ஆனால் 'இதற்கு மேல் போகாதே' என்று சொல்வதற்கு மட்டும். புது இன்ஜினாக இருந்தால், முதல் சில டேங்குகள் ரிச்சாகவே ஓடட்டும். அப்போது வேகத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

மூன்றும் கைவிடுகிற நேரம் ஒன்று உண்டு. காலையில் சரியாக ஓடிய இன்ஜின் அரை மணி நேரத்தில் லீனாகி, தொடாமலே மறுபடி ரிச்சானால் அது ஊசியின் வேலை இல்லை. எரிபொருள் குழாயில் நுண்துளை இருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், ஈரம் இழுத்த பழைய எரிபொருளாகவும் இருக்கலாம். குழாயில் காற்றுக் குமிழி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால், ஊசியைத் தொடாமல் குழாயை மாற்றுங்கள்.