பரிமாற்ற செமஸ்டர்: பெர்லினா, சிங்கப்பூரா?

என் தங்கை கோயம்புத்தூரில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க அவளுக்கு இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இன்னொன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். முதலாவதில் நான் ஒரு குளிர்கால செமஸ்டர் படித்திருக்கிறேன். இரண்டாவதில் பெரியம்மா மகன், எனக்குத் தம்பி முறை, படித்தான். அதனால் இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். "நீ பெர்லின்னுதான்க்கா சொல்லுவே" என்றாள். நான் சிங்கப்பூர் என்றேன். அதற்கு அவளிடம் சொன்ன காரணங்களை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவலாம்.

அப்பா முதலில் கேட்டது, உலகத் தரவரிசையில் எது முன்னால் என்பது. க்யூஎஸ் பட்டியலில் சிங்கப்பூர் சில ஆண்டுகளாக முதல் பத்துக்குள் இருக்கிறது, பெர்லின் நூறைத் தாண்டித்தான் வருகிறது. ஆனால் பரிமாற்ற மாணவருக்கு இதனால் பெரிய லாபமோ நஷ்டமோ இல்லை. பட்டம் தருவது நம் கல்லூரி. அங்கே படித்த நான்கைந்து பாடங்கள் மட்டும் மதிப்பெண் பட்டியலில் வந்து உட்காரும். அவை ஒழுங்காக வந்து உட்காருமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்கு அடி விழுந்தது காலண்டரில். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும். தேர்வுகள் அதற்குப் பிறகும் நீளும். நம் ஊரில் ஒற்றைப்படை செமஸ்டர் நவம்பரோடு முடிந்து, அடுத்தது டிசம்பரிலோ ஜனவரியிலோ தொடங்கிவிடும். அதாவது, பெர்லினில் ஒரு செமஸ்டர் படித்தால் இங்கே இரண்டு செமஸ்டரில் கை வைக்க வேண்டியிருக்கும். நான் மார்ச்சில் திரும்பி வந்தபோது வகுப்பில் முதல் இன்டர்னல் முடிந்திருந்தது. விட்டுப்போன வருகைப்பதிவுக்காகக் கையெழுத்து வாங்க ஒரு மாதம் அலைந்தேன். கோடை செமஸ்டரும் இதற்குச் சளைத்ததல்ல. ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை நடுவில் வகுப்புகள் முடியும். நம் இரட்டைப்படை செமஸ்டரின் கடைசி மாதத்தையும் தொடும், அடுத்த ஆண்டின் தொடக்கத்தையும் தொடும்.

சிங்கப்பூரில் இந்தத் தலைவலி ரொம்பக் குறைவு. ஆகஸ்ட்டில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடியும், அல்லது ஜனவரியில் தொடங்கி மே தொடக்கத்தில் முடியும். 13 வாரம் பாடம், நடுவில் ஒரு வாரம் விடுமுறை, படிக்க ஒரு வாரம், அப்புறம் தேர்வு. நம் காலண்டரோடு கிட்டத்தட்ட ஒட்டிப் போகிறது.

அடுத்தது பாடமொழி. பெர்லினில் முதுகலைப் பாடங்கள் நிறைய ஆங்கிலத்தில் உண்டு. இளங்கலையில் பெரும்பாலானவை ஜெர்மனில்தான். ஜெர்மனில் 'ஏ2' என்னும் அடிப்படை நிலை வரை படித்துவிட்டுப் போய் நீரியல் வகுப்பில் உட்கார்ந்தால், பலகையில் இருக்கும் சமன்பாடு புரியும், வாத்தியார் அதைப் பற்றிச் சொல்வது புரியாது. நான் ஆங்கிலத்தில் நடந்த முதுகலைப் பாடங்களைத் தேடித் தேடி எடுத்தேன். அவற்றில் இரண்டுக்கு இங்கே சமமான பாடமே இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூரில் எல்லாமே ஆங்கிலம். அங்கே சிக்கல் வேறு மாதிரி. கேட்ட பாடம் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. கம்ப்யூட்டர், பிசினஸ் பாடங்களுக்குப் போட்டி அதிகம். சிவில் பாடங்களுக்கு அந்த அளவு அடிதடி இல்லை என்று தம்பி சொல்கிறான்.

மதிப்பெண் போடும் முறையில்தான் இரண்டு ஊருக்கும் குணமே மாறுகிறது. சிங்கப்பூரில் முதல் வாரத்திலிருந்தே ஓட வேண்டும். டுடோரியலில் வாய் திறந்து பேசுவதற்கு மதிப்பெண், குழு வேலைக்கு மதிப்பெண், நடுவில் ஒரு தேர்வு, கடைசியில் ஒரு தேர்வு. பல பாடங்களில் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுத்தான் கிரேடு போடுகிறார்கள். நீங்கள் நன்றாக எழுதியிருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் இன்னும் நன்றாக எழுதியிருந்தால் உங்கள் கிரேடு இறங்கும். தம்பியின் குழுவில் இரவு பதினொரு மணிக்குக் கூட்டம் போடுவது சாதாரணம்.

பெர்லினில் செமஸ்டர் முழுக்க யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். பெரிய வகுப்புகளில் வருகைப்பதிவு கிடையாது. பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். அந்தக் கால் மணி நேரத்துக்குப் பல்கலைக்கழகக் கால்மணி என்றே ஒரு பெயர் உண்டு. முடிந்ததும் எல்லோரும் கை தட்டாமல் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். முதல் நாள் இருநூறு பேர் ஒரே நேரத்தில் தட்டியபோது, ஓட்டு வீட்டின்மேல் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல இருந்தது. இந்தச் சுதந்திரத்துக்கு உள்ளே ஒரு கொக்கி இருக்கிறது. தேர்வு எழுத வேண்டுமானால் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கடைசி நாளும் உண்டு. வகுப்புக்குப் போனாய், பாடம் படித்தாய், பதிவு செய்யவில்லை என்றால் உனக்குத் தேர்வு இல்லை. பாடத்துக்குப் பாடம் இந்தத் தேதி மாறும் என்பதால், வந்த முதல் வாரமே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று. அங்கே 1.0 தான் மிக உயர்ந்த மதிப்பெண், 5.0 தோல்வி. நான் 1.7 வாங்கி வந்த தாளை இங்கே அலுவலகத்தில் நீட்டியபோது, பத்துக்கு 1.7 என்று நினைத்து 'அரியர்' என்று எழுதிவிட்டார்கள். அதைச் சரி செய்யவே மூன்று கடிதங்கள் ஆயின. கிளம்பும் முன்பே மதிப்பெண்ணை எப்படி மாற்றுவது என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது எந்த ஊருக்குப் போனாலும் பொருந்தும்.

சரி, தங்குமிடம். சிங்கப்பூரில் கென்ட் ரிட்ஜ் வளாகத்துக்குள்ளேயே விடுதிகள் உண்டு. பரிமாற்ற மாணவர் எல்லோருக்கும் அறை கிடைத்துவிடாது, ஆனால் கிடைத்தால் கவலை முடிந்தது. மேடும் பள்ளமுமான வளாகம், உள்ளேயே இலவச பஸ் ஓடும். வெளியே அறை எடுத்தால் வாடகை கழுத்தை நெரிக்கும்.

பெர்லினில் அறை தேடுவதே ஒரு தனிப் பாடம். மாணவர் விடுதிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். பலரும் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை பிடிப்பதுதான் வழக்கம். அப்படிப் பிடித்தபின் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை, அலுவலகத்தில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தாள் தர மறுக்கும் வீட்டில் அறை எடுக்கவே எடுக்காதீர்கள். அப்புறம், அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் பெயர்தான் இருக்கும். என் பெயரை ஒட்ட யாரும் சொல்லவில்லை. வங்கியிலிருந்து கார்டும் ரகசிய எண்ணும் வந்து, பெயரில்லாத பெட்டியைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டன. நவம்பர் முழுக்கக் கையில் இருந்த ரொக்கத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தேன். கடைசியில் ஒரு துண்டுத் தாளில் பெயர் எழுதி செலோடேப் போட்டு ஒட்டினேன். அடுத்த வாரமே கடிதம் வந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, பரிமாற்ற ஒப்பந்தத்தில் போகிறவர்களுக்கு இரண்டு இடத்திலும் அங்கே கல்விக் கட்டணம் இல்லை, இங்கே கட்டுவதுதான். ஜெர்மன் விசாவுக்கு மட்டும் முடக்கக் கணக்கு ஒன்றைக் காட்டச் சொல்வார்கள். மாதத்துக்கு 992 யூரோ வீதம் கணக்கிட்டு மொத்தமாகப் போட வேண்டும், அது மாதாமாதம்தான் கைக்கு வரும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்கும்போது ஏறக்குறைய ஆறு லட்ச ரூபாயை முன்கூட்டியே புரட்ட வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

சாப்பாடு, ஊர் வாசனை எல்லாம் சிங்கப்பூர் பக்கம்தான் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. கட்டுமான வேலியில்கூட 'அபாயம்' என்று தமிழில் எழுதியிருக்கும். லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவுக்குப் போனால் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸில் தோசை. பெர்லினில் பிரிட்ஸ் பகுதியில் ஈழத் தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் உண்டு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில் அங்கே போய் உட்கார்ந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

இவ்வளவுக்குப் பிறகும் பெர்லினை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல்கலைக்கழகத்திலிருந்து கொஞ்சம் நடந்தால், டியர்கார்டன் பூங்கா ஓரத்துக் கால்வாய்த் தீவில் பிரம்மாண்டமான இளஞ்சிவப்புக் குழாய் ஒன்று வளைந்து நிற்கும், நடுவில் நீலக் கட்டடம். 1970களில் லுட்விக் லியோ வடிவமைத்து முடித்த நீரோட்ட ஆய்வுக் கலம் அது. கப்பல் மாதிரிகளை வைத்து அதற்குள் நீரை ஓடவிட்டுச் சோதிப்பார்கள். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கப் படமாகப் பார்த்த விஷயத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். நீரியலை என் துறையாக்கியது அந்தப் பிற்பகல்தான். ஆனால் சிவில் படிக்கும் பிள்ளைக்கு சிங்கப்பூரும் குறைந்ததல்ல. 2008-ல் திறந்த மரினா தடுப்பணை கடலைத் தடுத்து நகரின் நடுவிலேயே நன்னீர்த் தேக்கத்தை உண்டாக்கியிருக்கிறது. அதன் புல் கூரைமேல் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். மெட்ரோ ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

முதுகலையில் இருப்பவர்கள், ஜெர்மன் ஓரளவு பேசுபவர்கள், முழு ஆண்டும் போய்வர அனுமதி உள்ளவர்கள் தயங்காமல் பெர்லினுக்குப் போகலாம். ஒரே செமஸ்டர், இளங்கலை, ஆங்கிலம் மட்டும் என்றால் அங்கே ஊரில் காலூன்றவே பாதிப் பருவம் போய்விடும். தங்கையின் நிலை இரண்டாவது. சிங்கப்பூர் ஜனவரி செமஸ்டருக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நான்கு பாடங்களுக்குத் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஐந்தாவதாக அவள் எழுதியிருக்கும் கடலோரப் பொறியியலுக்கு இங்கே சமமான பாடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.