நீல விளக்குப் பந்தயம்: ஜிங்க் செலினைடா, காலியம் நைட்ரைடா?

1990 வாக்கில் ஒரு குறைக்கடத்தி ஆய்வகத்துக்குள் போய், "பளிச்சென்று எரியும் நீல எல்.இ.டி. எதிலிருந்து வரும்?" என்று கேட்டிருந்தால், பெரும்பாலோர் ஜிங்க் செலினைடு என்ற படிகத்தைத்தான் கைகாட்டியிருப்பார்கள்; போட்டியில் நின்ற காலியம் நைட்ரைடை அல்ல. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. நீலம் மட்டும் முப்பது வருடமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. சிலிக்கான் கார்பைடு என்று மூன்றாவதாக ஒன்று கடைக்கே வந்தது. வெளிச்சம் மின்மினி அளவுதான். அதை விட்டுவிடுவோம்.

காகிதத்தில் பார்த்தால் ஜிங்க் செலினைடு கட்சிக்காரர்கள் சொன்னதில் பிழையே இல்லை. எல்.இ.டி. படிகத்தை ஓர் அடித்தட்டின் மேல் அடுக்கடுக்காக வளர்க்க வேண்டும். கீழே உள்ள அணுக்களின் இடைவெளியும் மேலே வளர்வதன் இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். ஜிங்க் செலினைடுக்கு காலியம் ஆர்சனைடு தட்டு கிடைத்தது, வித்தியாசம் 0.3 சதவீதம்கூட இல்லை. காலியம் நைட்ரைடுக்கு வாய்த்ததோ நீலக்கல் தட்டு; வித்தியாசம் சுமார் 16 சதவீதம். ஒருத்தி வைத்த புள்ளியில் இன்னொருத்தி வேறு அளவுக் கோலத்தை இழுத்த மாதிரி. விளைவு, சதுர சென்டிமீட்டருக்கு நூறு கோடிக்கும் மேல் படிகப் பிசகுகள். ஜிங்க் செலினைடில் அது ஆயிரக்கணக்கோடு நின்றது. இத்தனை ஓட்டை உள்ள பொருள் ஒளிராது என்பதுதான் அன்றைய பாடம்.

போதாததற்கு, காலியம் நைட்ரைடில் பி-வகை அடுக்கும் (எலெக்ட்ரான் குறைவாக உள்ள பக்கம்; அது இல்லாமல் எல்.இ.டி. பளிச்சென்று எரியாது) கைகூடவில்லை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகம் 1970-களின் தொடக்கத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. 1992-இல் ஜப்பானில் நடந்த ஒரு மாநாட்டில் ஜிங்க் செலினைடு அமர்வுக்கு ஐந்நூறு பேர், காலியம் நைட்ரைடுக்குப் பத்துக்கும் குறைவு என்று ஜப்பானியப் பொறியாளர் ஷுஜி நகமுரா பிற்பாடு சொன்னார். அவர் காலியம் நைட்ரைடு பக்கம் வந்த காரணமும் வேடிக்கையானது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரைகள் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத துறையில்தான் எழுத இடம் இருந்தது.

ஆனால் வழியின் பாதியை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அகசாகியும் அவர் மாணவர் அமானோவும் முன்பே போட்டிருந்தார்கள். ஒருநாள் உலை சரியாகச் சூடேறவில்லை. அந்தக் குறைந்த வெப்பத்திலேயே முதலில் அலுமினியம் நைட்ரைடை மெல்லிய மெத்தைபோல் விரித்து, அதன் மேல் படிகத்தை வளர்த்துப் பார்த்தார் அமானோ. கண்ணாடிபோல் வந்தது, 1986-இல் கட்டுரையாயிற்று. 1989-இல் மக்னீசியம் கலந்த படிகத்தின் மேல் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி பி-வகையையும் எடுத்தார்கள். ஏன் அப்படி ஆகிறது என்பது புரியவில்லை. அதை அவிழ்த்தவர் நகமுரா: வளர்ப்பதற்குச் செலுத்தும் அம்மோனியா வாயுவிலிருந்து வரும் ஹைட்ரஜன் மக்னீசியத்தைக் கட்டிப்போடுகிறது. நைட்ரஜன் சூழலில் சுட்டாலே ஹைட்ரஜன் ஓடிவிடும். கற்றை தேவையில்லை, அடுப்பு போதும்! ஆய்வக வித்தை தொழிற்சாலைச் சரக்கானது இந்த 1992-ஆம் ஆண்டு வேலையில்தான் என்பேன்.

எதிர்முகாமும் சும்மா இல்லை. 1991-இல் 3எம் நிறுவனம் ஜிங்க் செலினைடில் நீலப்பச்சை லேசரையே எரித்துக் காட்டியது. பிறகு சோனி அதை அறை வெப்பநிலையில் தொடர்ந்து எரியவைத்தது. வெளிச்சத்தில் குறையில்லை, ஆயுளில்தான் இடித்தது. சில நூறு மணி நேரத்துக்குமேல் அந்த லேசர்கள் தாங்கவில்லை. ஜிங்க் செலினைடு சுமார் 300 டிகிரியில் வளரும் மென்மையான படிகம். ஓடும்போது எழும் சூட்டில் இருக்கும் கொஞ்சப் பிசகுகளும் நகர்ந்து, பெருகி, கருப்புக் கோடுகளாகப் படரும். காலியம் நைட்ரைடு 1,000 டிகிரியில் வளர்ந்தது; பிசகுகள் கோடிக்கணக்கில் இருந்தாலும் இருந்த இடத்தைவிட்டு அசையாது. ஒன்று பச்சைச் செங்கல், மற்றது சூளையில் வெந்த கல். விரிசல் எத்தனை என்று எண்ணியவர்கள், விரிசல் வளருமா என்று கேட்கவில்லை. (அத்தனை பிசகுகளுக்கு நடுவே ஒளியை உமிழும், இண்டியம் உலோகம் கலந்த காலியம் நைட்ரைடு அடுக்கு எப்படி இவ்வளவு நன்றாக ஒளிர்கிறது என்பதில் வாதம் ரொம்ப நாள் ஓடியது.)

1993 கடைசியில் நகமுரா வேலை பார்த்த நிச்சியா ஒரு கேண்டெலா பிரகாசத்தில் நீல எல்.இ.டி.யை வெளியிட்டது; சிலிக்கான் கார்பைடு விளக்கைவிடச் சுமார் நூறு மடங்கு. தொகுஷிமா மாவட்டத்து அந்த நிறுவனத்தின் பழைய தொழில் டி.வி.க்கும் குழல்விளக்குக்கும் ஒளிர்பொடி தயாரிப்பது. நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிர்பொடியைப் பூசினால் வெள்ளை. 1996-லேயே அதையும் விற்றார்கள். இந்தத் தற்செயலைப் பெரிய கம்பெனி எதுவும் திட்டம் போட்டு வாங்கியிருக்க முடியாது. மூவருக்கும் 2014-இல் நோபல் கிடைத்தது.

ஜிங்க் செலினைடு செத்துவிடவில்லை. அகச்சிவப்பு ஒளி அதன் வழியே தங்குதடையின்றிப் போகும். நம்மூர்க் கடைகளில் அக்ரிலிக் பெயர்ப்பலகை வெட்டும் கார்பன்-டை-ஆக்சைடு லேசர் இயந்திரத்தில், கதிரைக் குவிக்கும் அந்த மஞ்சள் நிற வில்லை பெரும்பாலும் அதுதான். கடைக்குள் எரியும் டியூப் எல்.இ.டி. எதிரணி.