மடக்கு கிரேனும் ஒன்பது எஞ்சின்களும்: ஆறு வருட அனுபவம்

எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் "எஞ்சினை இறக்கணும்" என்றுதான் சொல்வார். முன்பக்கம் எஞ்சின் இருக்கும் பழைய கார்களில் அது இறங்குவதே இல்லை. மேலே ஏறித்தான் வெளியே வரும். திரும்ப வைப்பதற்குப் பெயர் "ஏற்றுவது". அப்போதுதான் அது கீழே இறங்கும். இந்தத் தலைகீழ் வேலைக்காக ஆறு வருடத்துக்கு முன்னால் 2 டன் மடக்கு கிரேன் ஒன்றும், எஞ்சினைச் சாய்த்து நிமிர்த்தும் லெவலர் ஒன்றும் வாங்கினேன். இதுவரை ஒன்பது முறை எஞ்சினை வெளியே எடுத்து, ஒன்பது முறையும் திரும்ப வைத்தாயிற்று. அதில் நான்கு முறை என் சொந்த எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மீதி நண்பர்களுடைய கார்கள்.

ஒரே காருக்கு நான்கு முறையா என்று கேட்பீர்கள். முதல் முறை கிளட்ச். எம்ஜிபியில் கிளட்ச் தட்டு மாற்ற வேண்டுமென்றால் எஞ்சின் வெளியே வந்தே ஆக வேண்டும். கியர் பாக்ஸை மட்டும் கீழ்வழியாகக் கழற்ற அந்த வண்டியில் இடமில்லை. அன்றைக்கு எஞ்சினின் பின்முனையில் சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீலைப் பார்த்து, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிட்டேன். ஆறே மாதத்தில் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து ஆயில் சொட்ட ஆரம்பித்தது. உள்ளங்கை அளவு ரப்பர் வளையம், அதற்காக மறுபடியும் முழு வேலை. மூன்றாவது முறை இரண்டாம் கியரில் வந்த கரகரப்பு. நான்காவதுதான் முறையான எஞ்சின் வேலை. இப்போதெல்லாம் எஞ்சின் வெளியே வந்தால் பின் சீல், கிளட்ச் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்ன வெண்கலப் புஷ் மூன்றையும் பார்க்காமலே மாற்றிவிடுவேன்.

கிரேனுக்கு வருகிறேன். "2 டன்" என்று பெரிதாக எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அதன் நீட்டும் கையில் நான்கு துளைகள் இருக்கும். கையை முழுக்க உள்ளே தள்ளி வைத்தால்தான் 2 டன். ஒவ்வொரு துளையாக வெளியே நீட்ட நீட்ட அது ஒன்றரை, ஒன்று என்று குறைந்து, கடைசித் துளையில் அரை டன்னுக்கு வந்துவிடும். கடைசித் துளையில்தான் நாம் எப்போதும் வேலை செய்வோம், ஏனென்றால் பம்பரும் கிரில்லும் தாண்டி எஞ்சின் வரை கொக்கி எட்ட வேண்டும். அதனால் நடைமுறையில் நீங்கள் வாங்குவது அரை டன் கிரேன். நாலு சிலிண்டர் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து 200 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அதற்கு இது தாராளம். நண்பர் ஒருவரின் வி8 எஞ்சினை ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸோடு சேர்த்துத் தூக்கியபோது 300 கிலோவுக்கு மேல் இருந்தது. கணக்குப்படி சரிதான். ஆனாலும் கிரேனின் கை லேசாக வளைந்ததைக் கண்ணால் பார்த்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

2 டன் கிரேனில் இருக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி 8 டன் என்று எழுதியிருப்பதும் ஏமாற்று இல்லை. ஜாக்கி கையின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் தள்ளுகிறது, சுமையோ அதைப்போல மூன்று நான்கு மடங்கு தூரத்தில் தொங்குகிறது. நெம்புகோல் கணக்கு. அதே கணக்கின் மறுபக்கம்தான் நம்மைப் படுத்தும்: ஜாக்கியில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் கொக்கியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் இறங்கிவிடும்.

இந்தக் கிரேனைப் பற்றிய என் பெரிய குறையும் இதுதான். தூக்குவதில் எந்தக் குறையும் இல்லை. பம்பு அடிக்க அடிக்க நிதானமாக ஏறும். இறக்குவதில்தான் வினை. ரிலீஸ் வால்வை ஒரு நூல் திறந்தால் அசையாது, இன்னொரு நூல் திறந்தால் தொப்பென்று பத்து சென்டிமீட்டர் இறங்கும். சுமை கூடக் கூட வேகமும் கூடும். முதல் இரண்டு முறை எஞ்சினை ஏற்றும்போது எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கின் பக்கத்தில் நின்றிருந்த என் தம்பி, "அண்ணா, மெதுவா! கை உள்ளே இருக்கு!" என்று கத்தினான். அதற்கப்புறம் வால்வின் தலையில் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாயை மாட்டிக்கொண்டேன். குழாயின் நுனியை ஒரு விரல் அகலம் நகர்த்தினால் வால்வு இம்மியளவுதான் திரும்பும். ஆறு வருடத்தில் இந்தக் கிரேனுக்கு நான் செய்த உருப்படியான மாற்றம் இது ஒன்றுதான். கை உள்ளே இருக்கும்போது யாரும் வால்வைத் தொடக்கூடாது என்ற சட்டமும் அன்றிலிருந்துதான்.

சக்கரங்கள் மோசம். இரும்புச் சக்கரம், அதுவும் சின்னது. தரையில் ஒரு சின்னக் கல் கிடந்தால் போதும், சுமையோடு வரும் கிரேன் சட்டென்று நின்றுவிடும், தொங்கும் எஞ்சின் மட்டும் ஊஞ்சல் ஆடும். தள்ளுவதற்கு முன்னால் தரையைக் கூட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது. சமமில்லாத தரையில் தடிமனான பிளைவுட் பலகையைப் போட்டுக்கொள்கிறேன். எஞ்சின் காரின் முன்பக்கத்தைத் தாண்டியதும் முதல் வேலை அதைத் தரையோரம் வரை இறக்குவது. உயரத்தில் தொங்கவிட்டபடி தள்ளினால் கிரேன் கவிழ அதிக நேரம் ஆகாது.

இரண்டாம் வருட முடிவில் ஜாக்கியும் இறங்க ஆரம்பித்தது. தூக்கி வைத்துவிட்டுப் போய் அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒரு விரற்கடை கீழே இருக்கும். சீல் போய்விட்டது. சீல் செட் வாங்கி மாற்றினேன், ஹைட்ராலிக் ஆயில் நிரப்பி, வால்வைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து முறை பம்பு அடித்துக் காற்றை வெளியேற்றினேன். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், சீல் ஊதிக் கெட்டுவிடும். சீல் புதிதாக இருந்தாலும் எஞ்சினைத் தொங்கவிட்டுவிட்டு இரவு தூங்கப் போகாதீர்கள்.

லெவலரைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. நீளமான திருகுக் கம்பி, ஓரத்தில் கைப்பிடி, நான்கு மூலையிலும் செயின். கைப்பிடியைச் சுற்றினால் கொக்கி முன்னும் பின்னும் நகரும், எஞ்சின் சாயும். எம்ஜிபியில் கியர் பாக்ஸோடு சேர்த்து எடுக்கும்போது வால் பக்கம் நன்றாகக் கீழே போகிற அளவுக்குச் சாய்க்க வேண்டும். இதை மாட்டாமல் முதல் தடவை வெறும் செயினைப் போட்டு, இரண்டு பேர் கியர் பாக்ஸின் வாலில் தொங்கியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதோடு வரும் போல்ட்டுகளைத் தூர எறியுங்கள். எஞ்சின் பிளாக்கில் மாட்டும் போல்ட்டின் தலையில் 8.8 என்ற வலிமைக் குறி பொறித்திருக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ், அமெரிக்க எஞ்சின்களில் மரை அங்குலக் கணக்கு. அங்கே தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கோடே இல்லாத போல்ட்டில் எஞ்சினைத் தொங்கவிட வேண்டாம். மரை உள்ளே போகும் ஆழம் போல்ட்டின் பருமனைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், இப்படிச் சாய்க்கும்போது கியர் பாக்ஸின் பின்வாய் வழியாக ஆயில் கொட்டும். வடித்துவிட்டோம் என்று நினைத்தாலும் ஒரு டம்ளராவது மிச்சம் இருக்கும். பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் போதும். நான் இதை மறந்த இரண்டு முறையும் அந்த ஆயில் என் சட்டையில்தான் போய்ச் சேர்ந்தது.

கழற்றும் வேலையைப் பற்றி நிறையச் சொல்ல எதுவுமில்லை. பானெட் கீல் இருந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பது, பேட்டரி, ரேடியேட்டர், கேபிள்கள், சைலன்சர் பைப் என்று எல்லாமே பொறுமைதான். போட்டோ எடுங்கள், ஆனால் போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். கழற்றிய போல்ட்டை அது இருந்த துளையிலேயே இரண்டு சுற்றுத் திருகி வைத்துவிடுவது எல்லாப் பைகளையும் லேபிள்களையும் விட நல்ல வழி. இரண்டாவது முறையிலிருந்து ஒரு பகலில் எஞ்சின் வெளியே வந்துவிடுகிறது.

வைப்பதுதான் வேலை. அதிலும் கடைசிப் பத்து மில்லிமீட்டர். மூன்றாவது முறை கியர் பாக்ஸை மட்டும் முதலில் காரில் மாட்டிவிட்டு எஞ்சினைத் தனியாக இறக்கிப் பார்ப்போமே என்று தோன்றியது. சுமை குறையுமே என்ற எண்ணம். இரண்டு நாள் போயிற்று. கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் கிளட்ச் தட்டின் பல்லுக்குள் நுழைந்துவிட்டது, பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, அதற்கு மேல் ஒரு நூல் போகவில்லை. போல்ட் போட்டு இறுக்கி இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. அப்படி இழுத்தால் அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும், இல்லாவிட்டால் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளையும். கியர் பாக்ஸின் எடை அந்த ஷாஃப்ட்டில் தொங்குவதும் அதே அளவு கெடுதல்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒரு இரும்பு அளவுகோலை எடுத்தேன். இடைவெளி மேலே 9 மில்லிமீட்டர், கீழே 14. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கோட்டில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கியர் பாக்ஸின் அடியில் ஜாக்கி வைத்து, மேலும் கீழும் 11 வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அப்புறம் நாலாம் கியரைப் போட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்துத் திருப்பிக்கொண்டே எஞ்சினை உள்ளங்கையால் பின்னோக்கித் தள்ளினேன். கால் சுற்றுகூட ஆகவில்லை. "களக்" என்று ஒரு சத்தம், இடைவெளி மறைந்துவிட்டது. இரண்டு நாள் முரண்டு பிடித்தது உள்ளங்கைக்குப் பணிந்துவிட்டது. இருந்தாலும் நான்காவது முறை இரண்டையும் தரையிலேயே கோத்து ஒன்றாகத்தான் இறக்கினேன். அந்த வண்டிக்கு அதுதான் சரி.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் பயமே வேறு. கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டரை ஷாஃப்ட்டில் வைத்துச் சுற்றிக்கொண்டே தள்ளும்போது அது படிப்படியாக உள்ளே விழ வேண்டும். கடைசிப் படி பம்பின் பல்லில் உட்காருவது. அது உட்காராமல் போல்ட்டை இறுக்கினால் முன் பம்பு நொறுங்கிவிடும். பெல் ஹவுசிங் சேர்ந்த பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுதந்திரமாகச் சுற்ற வேண்டும், அதற்கும் முன்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். சுற்றவில்லை என்றால் எல்லாவற்றையும் திரும்பப் பிரிப்பதுதான் வழி. வி8 நண்பர் பிரிக்க ஒத்துக்கொள்ளவே அரை மணி நேரம் ஆனது.

கிரேன் எல்லாக் காருக்கும் தேவைப்படாது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்றால் எஞ்சின் நிஜமாகவே இறங்கும். கியர் பாக்ஸோடு சேர்த்துப் பிடிக்கும் நான்கு இடங்களைக் கழற்றி, சக்கர ஜாக்கியில் தாங்கிப் பின்னால் இழுத்து இறக்கி, காரின் பின்பக்கத்தை உயரத் தூக்கினால் ஜாக்கியோடு வெளியே வந்துவிடும். பீட்டிலில் வேலை செய்த அன்று என் கிரேன் மூலையில் மடங்கியே நின்றது. பழைய மினியில் கியர் பாக்ஸ் எஞ்சினின் அடியில், ஆயில் தங்கும் சம்புக்குள்ளேயே இருப்பதால் ஒரே கட்டியாக மேலே வரும். சுமை அடக்கமானது, ஆனால் சுற்றிலும் விரல் நுழைய இடமில்லை.

நான்காவது முறை எல்லாம் மாட்டி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும் வரை செல்ஃப் மோட்டாரைச் சுற்றினேன். எஞ்சின் சோம்பேறித்தனமாகச் சுற்றியது. பேட்டரி இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, சோக் கேபிள்ல புகை வருதுப்பா" என்றாள். சாவியை விட்டேன். கேபிளைத் தொட்ட விரல் சுட்டுக்கொண்டது. அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள்: "எர்த் வயரை மாட்டினீங்களா?"

மாட்டவில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு இருக்கும் தடித்த மின் இணைப்பு அந்த ஒரு பட்டை வயர்தான். அது இல்லாதபோது செல்ஃப் மோட்டாருக்கான மொத்த மின்சாரமும் கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. கேபிளின் உறை உருகி உள்கம்பியோடு ஒட்டிக்கொண்டது. கழற்றிய எர்த் வயரின் போல்ட்டை மட்டும் அதன் துளையில் திருகி வைக்காமல் சட்டைப் பையில் போட்டிருந்தேன். வயர் சேஸிஸில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிரேன் இப்போது தம்பி வீட்டில் இருக்கிறது. வால்வுக் குழாயையும் கூடவே கொடுத்தனுப்பினேன். அதைத் திரும்பக் கொண்டு வராவிட்டால் கிரேனே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.