ஜேம்சன், புஷ்மில்ஸ், டல்லமோர் டியூ: எதில் என்ன இருக்கிறது?

மூன்றும் ஐரிஷ் கலப்பு விஸ்கி. மூன்றுமே மூன்று முறை வடித்தவை, புகைவாடை இல்லாதவை, குறைந்தது 3 ஆண்டு மரப் பீப்பாயில் கிடந்தவை. அப்புறம் ஏன் ருசி இவ்வளவு மாறுகிறது? கலப்பின் ஒரு பாதி மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: நெடுந்தூண் வாலையில் (உயரமான தூண் வடிவ வடிகலத்தில்) மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்து வடித்த லேசான தானிய விஸ்கி. அந்த வாலைக்கு 1830-இல் காப்புரிமை பெற்ற ஏனியஸ் காஃபி அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். டப்ளினின் பெரிய வடிசாலைகள் அதைச் சீண்டவே இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கி வைத்து உலகச் சந்தையைப் பிடித்தார்கள். இன்று அதே தூண் வாலை இல்லாமல் இந்த மூன்று பாட்டில்களும் இல்லை.

ஆகவே வித்தியாசம் மறுபாதியில், செப்புக் கொப்பரையில் வடிப்பதில்தான் இருக்கிறது.

ஜேம்சனுக்கு முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பார்லியையும் சேர்த்து வடிக்கிறார்கள். 1785-இல் முளைகட்டிய பார்லிக்கு வரி விழுந்ததும், வரியை மிச்சம்பிடிக்கப் பரவிய வழக்கம் இது. வரி போன பிறகும் வழக்கம் போகவில்லை, நல்லவேளை! முளைகட்டாத பார்லி தரும் எண்ணெய்ப் பதமும், விழுங்கிய பின் நாக்கின் ஓரத்தில் நிற்கும் மிளகுக் காரமும் வேறெந்த நாட்டு விஸ்கியிலும் எளிதில் கிடைக்காது. ஜேம்சன் 1780-இல் டப்ளின் போ தெருவில் தொடங்கியது, 1970-களிலிருந்து கார்க் கவுண்டியின் மிடில்டனில் தயாராகிறது.

வடக்கே ஆண்ட்ரிம் கவுண்டியின் புஷ்மில்ஸ் ஒரிஜினலில் தானிய விஸ்கியோடு சேருவது முழுக்க முளைகட்டிய பார்லியில் வடித்த மால்ட். காரம் இல்லை, தேனும் பழமும்தான். முதன்முதலாக ஐரிஷ் விஸ்கி குடிப்பவருக்கு இதைத்தான் சொல்வேன். லேபிளில் இருக்கும் 1608-ஐ மட்டும் வடிசாலையின் வயதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அந்த வட்டாரத்துக்கு அரசர் கொடுத்த உரிமத்தின் ஆண்டு. நிறுவனம் பதிவானது 1784-இல்.

டல்லமோர் டியூவில் மேலே சொன்ன இரண்டு வகைக் கொப்பரை விஸ்கியும் உண்டு, தானிய விஸ்கியும் உண்டு. பெயரில் வரும் 'டியூ' (D.E.W.) டேனியல் இ. வில்லியம்ஸின் முதலெழுத்துகள், சிறுவயதில் வேலைக்குச் சேர்ந்து அந்த வடிசாலைக்கே முதலாளியானவர். 1954-இல் மூடிய டல்லமோர் ஊர் வடிசாலைக்குப் பதிலாக 2014-இல்தான் அங்கே புதியது வந்தது. குடிக்க இதமாக இருக்கிறது, சரி. ஆனால் மூன்று வகையும் கலந்ததில் எதுவும் தூக்கலாகத் தெரிவதில்லை.

என் ஓட்டு ஜேம்சனுக்கு. கூடுதலாகக் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் புஷ்மில்ஸ் குடும்பத்தின் பிளாக் புஷ் வாங்குங்கள்: மால்ட் அதிகம், ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) பீப்பாயின் உலர்திராட்சை வாசம், ஐஸ் போடாமலே குடிக்கலாம்.